ஒன்பதாம் மைலில் ஒதுங்கிய பஸ்

டெல்மர் ஊரைவிட்டுப் போனது அக்டோபர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளியன்று மர மில்லின் சங்கு கடைசியாக ஊதியிருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவன் வாசலில் நின்ற தன் தடி லாரியை, வெட்டிய மரத்தடிகளை ஏற்றும் வண்டியை, கழுவிக்கொண்டே இருந்தான். சக்கரத்தின் உள்பக்கம் ஒட்டியிருந்த சேற்றைக்கூடக் கத்தியால் சுரண்டி எடுத்தான். திங்களன்று அதை விலைக்கு வாங்கிய ஆள் வந்து ஓட்டிக்கொண்டு போனான். மறுநாள் விடிந்ததும் வடக்கு டகோட்டாவின் எண்ணெய் வயல்களுக்கு டெல்மரே கிளம்பிவிட்டான்.

கிளம்புமுன் ஒரு வேலை செய்தான். லாரியிலிருந்து கழற்றி வைத்திருந்த, ஓட்டுநர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோவை மனைவி மார்வா ஓட்டும் பள்ளிப் பஸ்ஸில், அதிலிருந்த பழையதற்குப் பதிலாகப் பொருத்தினான். பஸ் எப்போதும் அவர்கள் வீட்டு வாசலில்தான் நிற்கும். மார்வா கையில் காப்பிக் கோப்பையோடு படியில் நின்று பார்த்தாள்.

"லாரியே இல்லாத ரோட்டுல நான் யார்கூடப் பேசறது?"

"விறகு வெட்டப் போறவன் எவனாவது எதிர்ல வருவான். மைல் சொல்லிட்டே போ. பழக்கம் விட்டுப்போச்சுன்னா திரும்ப வராது."

"நீ எப்ப திரும்ப வருவ?"

"வசந்தத்துல."

"எந்த வசந்தத்துல?"

டெல்மர் திருகாணியை முடுக்கிக்கொண்டே சிரித்தான். "உன் வாய்க்கு ரேடியோவே தேவையில்ல. கத்தினாலே பதினாலாவது மைல் வரைக்கும் கேக்கும்."

அந்தச் சிரிப்போடு போனவன்தான். முதல் இரண்டு வருடம் ஞாயிறுதோறும் போன் வந்தது. பிறகு மாதம் ஒருமுறை ஆனது, பிறகு நின்றது. சண்டையும் இல்லை, பிரிவுப் பத்திரமும் இல்லை. குழாயில் தண்ணீர் குறைந்து குறைந்து நிற்பதுபோல நின்றது. மார்வா துரத்தவில்லை. அவர்கள் ஊர் இருந்த மாக்கம்பர் கவுண்டியில் பாதிப் பெண்களுக்குக் கணவன் டகோட்டாவிலோ அலாஸ்காவிலோதான் இருந்தான்.

மார்வா பிறந்ததே மரம் வெட்டும் முகாம் ஒன்றில். அவள் அம்மா அங்கே சமையல்காரி. எண்பது ஆண்களுக்குப் பன்றிக்கறியும் பணியாரமும் சுட்ட வாணலிகளின் இரைச்சலில் வளர்ந்ததாலோ என்னவோ, அமைதி என்றால் மார்வாவுக்கு ஆகாது. பத்தொன்பது வயதில் டெல்மரைக் கட்டிக்கொண்டாள். இருபத்து மூன்றில் பஸ் ஓட்டும் உரிமம் எடுத்தாள். குழந்தை இல்லை. டென்னிச் சாலைப் பிள்ளைகளை வருடாவருடம் ஏற்றி இறக்கி, ஏற்றிய பிள்ளைகளின் பிள்ளைகளையும் ஏற்ற ஆரம்பித்திருந்தாள்.

டென்னிச் சாலையின் முதல் வீடு அவளுடையது. மைல் கணக்கு அவள் வாசலில் சுழியில் தொடங்கும். பதினான்காவது மைலில், காட்டுக்கு நடுவே ஒரு புல்வெளியும் சில வீடுகளும். அதுதான் டென்னி. இடையில் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய மண் சாலை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஆறு, அதுவும் எட்டிப் பார்த்தால் தலைசுற்றும் ஆழத்தில். அதனால் அந்தச் சாலைக்கென்று ஒரு சட்டம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் கிடையாது, எல்லாருக்கும் தெரியும். மைல் பலகையைத் தாண்டும்போதெல்லாம் ரேடியோவில் மூன்று சொல் சொல்ல வேண்டும்: யார், எந்த மைல், மேலேயா கீழேயா. லோடு ஏற்றி இறங்கும் லாரியால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. ஆகவே 'லோடு' என்ற சொல் காதில் விழுந்தால், மேலே ஏறுகிறவர் யாராக இருந்தாலும் அடுத்த ஒதுங்கிடத்தில் வண்டியைச் சொருகிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கவர்னரே வந்தாலும் அப்படித்தான். ஒதுங்காமல் போனவர்கள் இரண்டு பேர். அவர்களுடைய வண்டிகள் இன்னும் ஆற்றில்தான் கிடக்கின்றன.

லாரிகள் போன பிறகும் மார்வா மைல் சொல்லிக்கொண்டுதான் ஏறினாள். "பஸ். மூணு. மேல." "பஸ். ஆறு. மேல." பதிலுக்கு ரேடியோ கரகரக்கும், அவ்வளவுதான்.

அந்தக் கவுண்டியில் நான்கில் மூன்று பங்கு நிலம் அரசாங்கக் காடு. அரசாங்கம் தன் நிலத்துக்கு வரி கட்டாது. அதற்கு ஈடாக, காட்டில் விற்ற மரத்தின் பணத்தில் கால்பங்கு சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் வரும் என்று நூறு வருடத்துக்கு முன்பே ஓர் ஏற்பாடு. மார்வா படித்த வகுப்பறை, அவள் ஊதிப் பழகிய டிரம்பெட், ஓட்டிப் பழகிய பஸ் எல்லாம் மரத்திலிருந்து வந்தவைதான். பிறகு அழிந்துவரும் காட்டு ஆந்தையையும் ஆற்று மீனையும் காப்பாற்ற என்று வெட்டு குறைந்தது. வெட்டாத மரத்துக்குப் பதிலாக வாஷிங்டன் ஒரு தொகையை அனுப்பத் தொடங்கியது. அந்தச் சட்டத்துக்கு ஆயுள் கம்மி. இரண்டு வருடம், மூன்று வருடம் என்று நீட்டுவார்கள். மார்ச் மாதம் வந்தால் பள்ளியில் வாத்தியார் முதல் பஸ் ஓட்டுநர் வரை எல்லாருக்கும் வேலைநீக்கக் கடிதம் வரும். இலையுதிர் காலத்துக்குள் திரும்பக் கூப்பிடுவார்கள். மார்வா அந்தக் கடிதங்களைக் கொண்டு விறகடுப்புப் பற்றவைப்பாள். "வாஷிங்டன் தாள் நல்லா எரியுது, அதைச் சொல்லணும்" என்பாள்.

ஒரு வருடம் நீட்டவே மறந்துவிட்டார்கள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஊர் ஒவ்வொரு விளக்காக அணைந்தது. முதலில் நூலகம். அப்புறம் தெருவிளக்கில் ஒன்றுவிட்டு ஒன்று. ஷெரிப்பின் போலீஸ் அலுவலகத்தில் பகலுக்கு மட்டும் ஆள். இருட்டிய பிறகு அவசர உதவிக்குப் போன் செய்தால், அலுவலக நேரத்தில் கூப்பிடுங்கள் என்று பதிவுசெய்த ஒரு பெண்குரல் மரியாதையாகச் சொன்னது. சாலைப் பிரிவில் ஒன்பது பேர் இருந்த இடத்தில் இரண்டு பேர். டென்னிச் சாலையில் விழுந்த மைல் பலகைகளை எடுத்து நட ஆளில்லை. எட்டு விழுந்தது, பத்து விழுந்தது. ஒன்பதும் பதினொன்றும் மட்டும் பல்போன வாயில் மிஞ்சிய பற்கள்போல நின்றன.

பள்ளி வாரியமும் கத்தரியை எடுத்தது. டென்னிக்குப் போகும் பஸ்ஸில் மொத்தம் ஐந்து பிள்ளைகள். அந்த ஐந்து பேருக்காக ஒவ்வொரு நடைக்கும் இருபத்தெட்டு மைல் டீசல். பஸ் நின்றால் டென்னிக் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான், வேறு வழியில்லை. பிப்ரவரியில் ஓட்டெடுப்பு என்று அறிவித்தார்கள். மார்வா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து பஸ்ஸின் கண்ணாடிகளைத் தினமும் துடைத்தாள். பஸ் பளபளப்பாக இருந்தால் நிறுத்த மனசு வராது என்று ஒரு நம்பிக்கை.

நவம்பர் கடைசியில் ஒரு மாலை. மூன்றரை மணிக்கே காட்டுக்குள் வெளிச்சம் வடிந்துவிட்டது. ஐந்து பிள்ளைகளும் பஸ்ஸில் இருந்தார்கள். எட்டாவது மைல் பலகை இருந்த இடத்தைத் தாண்டும்போது மார்வா பழக்கப்படி மைக்கை எடுத்தாள்.

"பஸ். எட்டு. மேல."

ரேடியோ கரகரத்தது. பிறகு தெளிவாக ஒரு ஆண்குரல்.

"லோடு. பதினொண்ணு. கீழ."

யோசிக்கவே இல்லை. கால் தானாக அழுத்தியது, கை தானாகத் திருப்பியது. ஒன்பதாவது மைலின் ஒதுங்கிடத்தில் பஸ்ஸைப் பாறையோடு ஒட்டி நிறுத்தி, விளக்கைத் தாழ்த்திவிட்டுக் காத்திருந்தாள். இருபது வருடத்துக்கு மேல் உடம்பில் ஊறிய பழக்கம். நின்ற பிறகுதான் மூளை விழித்தது. இந்தச் சாலையில் ஏது லோடு?

மழை கூரையில் தட்டிக்கொண்டிருந்தது. வளைவில் எந்த வெளிச்சமும் வரவில்லை. பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அப்போது பஸ் ஆடியது. பக்கத்தில் கனமான வண்டி ஒன்று உரசினாற்போலப் போகும்போது காற்று ஒரு தள்ளு தள்ளுமே, அப்படி. மூடியிருந்த ஜன்னல் வழியாகப் புதிதாய் வெட்டிய மரத்தின் வாசனையும், சூடேறிய பிரேக்கின் வாசனையும் உள்ளே வந்தன. ஜன்னலோரம் இருந்த ஜூனி, முதல் வகுப்புப் படிக்கும் வாண்டு, முஷ்டியை மடக்கி மேலும் கீழுமாக இழுத்தாள். ஹார்ன் அடிக்கச் சொல்லி லாரிக்காரர்களைப் பிள்ளைகள் கேட்பது அப்படித்தான்.

"லோடு. எட்டு. கீழ" என்றது ரேடியோ. இப்போது குரல் அவர்களுக்குப் பின்னாலிருந்து வந்ததுபோல இருந்தது.

"ஹார்ன் அடிச்சாரு!" என்றாள் ஜூனி.

"யாரு அடிச்சா? ஒண்ணுமே வரல" என்றான் அவள் அண்ணன்.

"அடிச்சாரு. மிஸ் மார்வா, நீங்க சொல்லுங்க, அடிச்சாருதானே?"

மார்வா கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்த்தாள். "எல்லாரும் பெல்ட்டைப் போடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அது ஒருநாளோடு போகவில்லை. வாரத்தில் இரண்டு தடவை, மூன்று தடவை அந்தக் குரல் வந்தது. வரும்போதெல்லாம் மார்வா ஒதுங்கி நின்றாள். அந்த ரேடியோவில் யார் பேசினாலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோலத்தான் இருக்கும். என்றாலும் 'கீழ' என்ற சொல்லைக் கடைசியில் லேசாக இழுக்கும் அந்த இழுப்பு இருக்கிறதே, அதை அவள் இருபது வருடம் சாப்பாட்டு மேசையில் கேட்டிருக்கிறாள். கடைசியில் ஒரு ஞாயிறு, தைரியத்தைத் திரட்டிக்கொண்டு ஐடஹோவில் இருக்கும் டெல்மரின் தங்கைக்குப் போன் செய்தாள்.

"அண்ணன் உசுரோட இருக்கானா, கோரா?"

"என்ன கேள்வி இது, அண்ணி? நேத்துக்கூடப் பேசினான். டேங்கர் ஓட்டறான், தொப்பை போட்டுட்டான். ஏன், எதாவது கனவு கண்டீங்களா?"

"ஆமா. கனவுதான்."

போனை வைத்த பிறகு மார்வாவுக்குக் குளிர் இன்னும் அதிகமாக எடுத்தது. செத்தவன் என்று தெரிந்திருந்தால் ஒரு மெழுகுவத்தி ஏற்றி வைத்திருக்கலாம். உயிரோடு, தொப்பையோடு இருப்பவனை என்ன செய்வது?

பிள்ளைகள் வீட்டில் சொல்லாமல் இருப்பார்களா? விஷயம் ஊருக்குள் இறங்கியது. ஓப்பலின் காப்பிக் கடையில் மார்வா நுழைந்ததும் பேச்சு நின்றது. ஓப்பல் மட்டும் நிறுத்தவில்லை. அவள் எதற்குமே நிறுத்துகிறவள் இல்லை.

"ஏன் கண்ணு, பேய்க்கு வழிவிடறியாமே? முப்பது வருஷத்துல என் புருஷன் எனக்குக் கதவுல வழிவிட்டதில்ல."

"காப்பியை ஊத்து, ஓப்பல்."

"ஊத்தறேன், ஊத்தறேன். அந்த லாரிக்காரன்கிட்ட ஒண்ணு கேளு. இந்த ஊர்ல அவன் ஒருத்தனுக்குத்தான் வேலை இருக்கு. என் தம்பிக்கும் ஒரு இடம் பிடிச்சுத் தருவானான்னு கேளு."

கடையே சிரித்தது. மார்வாவும் சிரித்தாள். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

பிள்ளைகள் வீடு சேர நேரமாகிறது என்று டென்னியிலிருந்து இரண்டு புகார் வந்தது. பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் வார்னர் கிப்ஸ் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். பள்ளத்தாக்கு நகரத்திலிருந்து வந்தவர், மெதுவாகப் பேசுகிறவர், சட்டைப் பையில் எப்போதும் அல்சர் மாத்திரை வைத்திருப்பவர்.

"மார்வா, உங்க ரூட்டு ஏற்கெனவே கயித்து மேல நடந்துட்டிருக்கு. வாரியத்துல அஞ்சு ஓட்டு. ரெண்டு நமக்கு, ரெண்டு எதிர்ல. அஞ்சாவது என் அறிக்கையைப் பாத்துட்டுத்தான் விழும். பிப்ரவரி வரைக்கும் நேரத்துக்குப் போயிட்டு நேரத்துக்கு வாங்க. அந்த ரேடியோவை அணைச்சிடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"அணைச்சுட்டு, லோடு வந்தா?"

"எந்த லோடு?"

ரேடியோவை அணைத்துவிட்டு அந்த வளைவுகளில் ஏறுவதை நினைத்தாலே கண்ணைக் கட்டிக்கொண்டு ஏறுவதுபோல இருந்தது. அது நம்பிக்கை இல்லை, பைத்தியம் இல்லை. அந்தச் சாலையில் பிழைத்தவர்கள் எல்லாருமே அப்படித்தான் பிழைத்தார்கள்.

"நீங்களே ஒருநாள் வந்து பாருங்க, மிஸ்டர் கிப்ஸ். அப்புறம் என்ன வேணா எழுதுங்க."

அவர் பிப்ரவரி முதல் வாரத்தில் வந்தார். மழை நின்று உறைபனி பிடித்த நாள். சாலை முழுக்க உப்புத் தூவினாற்போல வெள்ளையாக இருந்தது. கிப்ஸ் முன் இருக்கையில், மூடி போட்ட காப்பிக் கோப்பையை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் ஐந்து பிள்ளைகள். பெரியவர் ஒருவர் பஸ்ஸில் இருந்ததால் ரொம்ப ஒழுங்காக இருந்தார்கள்.

"பஸ். எட்டு. மேல."

கரகரப்பு. பிறகு அந்தக் குரல்.

"லோடு. பதினொண்ணு. கீழ."

கிப்ஸ் நிமிர்ந்தார். "யாரு அது?"

மார்வா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்கும் கேட்டிருக்கிறது. அந்த ஒன்றே போதும் என்று அவளுக்கு மூச்சு வந்தது. ஒன்பதில் ஒதுங்கினாள். இத்தனை நாளும் அவள் அந்தக் குரலுக்குப் பதில் சொன்னதில்லை. சொல்லப் பயமாக இருந்தது. இன்று பக்கத்தில் ஒரு சாட்சி இருந்தார். மைக்கை அமுக்கினாள்.

"பஸ். ஒன்பதுல ஒதுங்கி நிக்குது. உள்ள அஞ்சு பிள்ளைங்க இருக்காங்க. வாங்க."

அந்தப் பக்கம் அமைதி. கரகரப்புகூட இல்லை.

பிறகு மேலேயிருந்து, வளைவுக்கு அப்பாலிருந்து, ஒரு சத்தம் கேட்டது. பாரத்தோடு இறங்கும் எஞ்சின் தன்னையே பிடித்து நிறுத்தும்போது எழுமே, அந்த அடித்தொண்டை உறுமல். நெருங்கியது. இன்னும் நெருங்கியது. கிப்ஸின் கோப்பை மூடி கடகடவென்று ஆடி, காப்பி காற்சட்டையில் கொட்டியது. அவர் துடைக்கவில்லை. பிரேக்கின் காற்று நீளமாகச் சீறியது.

நின்றுவிட்டது.

இதற்கு முன் ஒருநாளும் அது நின்றதில்லை. வளைவுக்கு அப்பால் ஏதோ ஒன்று, பெரியது, எஞ்சின் ஓட, அசையாமல் நின்றது. பஸ் இங்கே காத்திருந்தது. அது அங்கே காத்திருந்தது. ஜூனி முஷ்டியை உயர்த்தினாள், பிறகு என்ன நினைத்தாளோ, மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவர் வரமாட்டார், மிஸ் மார்வா" என்றாள் சின்னக் குரலில். "நாம போகணும்னு நிக்கிறார்."

எஞ்சின் சத்தம் தேய்ந்து காற்றோடு கலந்தது. மார்வா எவ்வளவு நேரம் காத்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் கியரைப் போட்டு, நடக்கிற வேகத்தில் வளைவைத் திரும்பினாள். ஒன்றும் இல்லை. வெள்ளைச் சாலை மட்டும். ஆனால் பத்தாவது மைல் பலகை விழுந்து கிடந்த இடத்தில், சாலை நடுவே, ஒரு தடி லாரியின் நீள அகலத்துக்கு உறைபனி உருகிக் கறுப்பாக இருந்தது. அதிலிருந்து லேசாக ஆவி எழும்பியது. அதன்மேல் ஏறித்தான் போக வேண்டும். ஏறிப் போனார்கள்.

திரும்பி வரும்போது கிப்ஸ் ஜன்னல் வழியே சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். மார்வா வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் கேட்டார்.

"லோடோட எவ்வளவு கனம் இருக்கும், அது?"

"நாப்பது டன்."

"ம்" என்றார். அல்சர் மாத்திரை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு போனார்.

கிப்ஸ் பொய் சொல்லத் தெரியாதவர். அதுதான் வினையாகப் போயிற்று. வாரியக் கூட்டம் பள்ளி ஜிம்மில் நடந்தது. வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டின் மிளகாய்க் கறி, இலவங்கப்பட்டை ரொட்டி வாசனை இன்னும் போகாத இடத்தில் ஊரே மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது. கிப்ஸ் எழுந்து அறிக்கையை வாசித்தார். பேய் என்று எழுத முடியாது. ஒன்றும் இல்லை என்று எழுத அவர் மனசாட்சி விடவில்லை. ஆகவே, "டென்னிச் சாலையில் கனரக மர லாரியின் நடமாட்டம் இருப்பதை நேரில் அறிந்தேன்" என்று எழுதியிருந்தார்.

ஆட்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கடைசி வரிசையில் ஒரு கிழட்டு மரவெட்டி எழுந்தான்.

"லாரி ஓடுதா? அப்ப மரம் விக்குதுன்னு அர்த்தம். எவன் மரம்? நம்ம கால்பங்கு எங்க?"

ஜிம் வெடித்துச் சிரித்தது. "பேய் வித்தாலும் கால்பங்கு கால்பங்குதான்யா!" என்று யாரோ கத்தினார்கள். ஓப்பல் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் மேடையில் இருந்த கவுண்டி ஆணையர் சிரிக்கவில்லை. காசுக்காக ஆலாய்ப் பறந்த வருடம் அது. திருட்டுத்தனமாக யாராவது மரம் கடத்தினால் அதுவும் கவுண்டியின் பணம்தான். வனத்துறைக்குக் கேட்டு எழுதுவோம், பதில் வரும்வரை ஓட்டெடுப்பு வேண்டாம் என்று முடிவானது. மார்வாவுக்கு அன்று இரவு நல்ல தூக்கம் வந்தது. பஸ் இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.

ஓடியது எட்டு நாள். ஒன்பதாம் நாள் மதியம், அவள் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தபோது, வனத்துறையின் பச்சை வண்டி மேலேயிருந்து இறங்கி வந்து அவள் வாசலில் நின்றது. இறங்கிய இளைஞனின் முழங்கால் வரை சேறு.

"நீங்கதான் பஸ் ஓட்டறவங்களா, மேடம்? இன்னைக்கு மேல போகாதீங்க."

"ஏன், லாரியைப் பாத்தீங்களா?"

"லாரி எதுவும் இல்ல. டயர் தடம் உங்களோடது மட்டும்தான் இருக்கு." தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "பத்தாவது மைல்ல ரோட்டுக்கு அடியில ஓடை போற இரும்புக் குழாய் அடைச்சுக் கிடக்கு. ரெண்டு வருஷமா யாரும் சுத்தம் பண்ணல போல. தண்ணி வேற வழி தேடி, ரோட்டுக்கு அடியில இருந்த மண்ணை மொத்தமா அரிச்சுட்டுப் போயிருக்கு. நான் கீழ இறங்கி நின்னு டார்ச் அடிச்சுப் பாத்தேன். மேல பஸ்ஸைத் தாங்கற அளவுக்கு ஒரு ஓடு மாதிரி மிச்சம் இருக்கு. லோடு லாரி ஒண்ணு ஏறியிருந்தா அன்னைக்கே உள்ள போயிருக்கும். அந்த நேரத்துல நீங்களும் எதிர்ல வந்திருந்தா..." தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டான்.

மார்வா பஸ்ஸின் படியில் உட்கார்ந்தாள். இருண்ட குழி ஒன்றின் மேல், தினமும் இரண்டு தடவை, ஐந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் வந்திருக்கிறாள். பளபளவென்று துடைத்த கண்ணாடிகளோடு.

"எப்ப சரி பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

அவன் காலில் ஒட்டியிருந்த சேற்றைத் தரையில் தேய்த்துவிட்டான். சாலைக்கு வர வேண்டிய பணமும் பள்ளிக்கு வர வேண்டிய பணமும் ஒரே பணம். அது வரவில்லை. அவ்வளவுதான் பதில்.

மறுநாள் அவள் வீட்டுக்கு எதிரே, சுழி மைலில், இரும்புக் கேட் போட்டார்கள். டென்னி ஆட்களுக்கு மலைக்கு அந்தப் பக்கமாக ஒரு சுற்று வழி இருந்தது, பஸ் நுழைய முடியாத குறுகல் வழி. ஏப்ரலுக்குள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். ஜூனியின் குடும்பம் கடைசியாகப் போனது. சாமான் ஏற்றிச் சுற்று வழியாக வந்த வண்டி மார்வாவின் வாசலைக் கடக்கும்போது, மெத்தைகளுக்கு நடுவேயிருந்து ஒரு சின்ன முஷ்டி எழுந்து மேலும் கீழும் ஆடியது. மார்வா ஓடிப்போய்ப் பஸ்ஸில் ஏறி, வண்டி வளைவில் மறையும்வரை ஹார்னை அடித்தாள்.

ஓட்டெடுப்பு நடக்கவே இல்லை. தேவைப்படவில்லை.

அடுத்த வருடம் வாஷிங்டனுக்கு ஞாபகம் வந்தது. விட்டுப்போன பணமும் சேர்த்து வந்தது. தெருவிளக்குகள் எரிந்தன, நூலகம் மூன்று நாள் திறந்தது. கிப்ஸ் நல்ல சம்பளத்தில் வேறு ஊருக்குப் போனார். போகுமுன் மார்வாவிடம் விடைபெற வந்தவர், அவள் கையை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பள்ளி வாரத்துக்கு நான்கு நாள் ஆனது. வெள்ளிக்கிழமை விடுமுறை. ஊருக்குள்ளேயே சுற்றி வரும் தட்டையான ரூட்டு ஒன்றை மார்வாவுக்குக் கொடுத்தார்கள். டென்னிக் கேட்டைத் திறக்க மட்டும் எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை. அங்கே போய்ச் சேரப் பிள்ளைகளும் இல்லை. கேட்டுக்குப் பின்னால் ஆல்டர் செடிகள் முளைத்து மார்பளவு வளர்ந்தன.

ரேடியோவை அவள் அணைக்கவில்லை. பஸ் ஓடும்போதெல்லாம் அது பக்கத்தில் கரகரத்துக்கொண்டிருந்தது, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பஸ்ஸோடு சேர்ந்து ஓய்ந்திருந்தது. அந்தக் குரல் மறுபடி வரவே இல்லை. அன்று கடைசிவரை வராமல்போன 'எட்டு' என்ற சொல்லுக்காகக் காது சில சமயம் தானாகக் கூர்மையாகும், அவ்வளவே.

பல வருடம் கழித்து, மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அவள் கடைக்குப் போய்விட்டு வந்தபோது போனில் வரும் செய்தியைப் பதிவுசெய்யும் இயந்திரத்தில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. கோட்டைக் கழற்றாமலே பொத்தானை அமுக்கினாள்.

"மார்வா. நான்தான். குரல் மாறிப்போச்சு, தெரியும். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல, அதனால ரோட்டுலயே ஆரம்பிக்கறேன். இங்க எல்லாம் தட்டை. ஒரு வளைவு கிடையாது. டேங்கர் ஓட்டும்போது தூக்கம் வரும். அதனால ஷிஃப்ட் ஏறும்போது நம்ம ரோட்டைச் சொல்லிட்டே ஓட்டுவேன். லோடு, பதினொண்ணு, கீழ. லோடு, எட்டு, கீழ. மைக்கை அமுக்கிட்டுத்தான் சொல்லுவேன், சும்மா பேசினா பைத்தியக்காரன் மாதிரி இருக்கும்ல? இந்த ரேடியோ அஞ்சு மைல் தாண்டாது, உனக்கே தெரியும். ஒரு பிப்ரவரி மாசம் நீ பதில் சொன்ன. பஸ் ஒன்பதுல ஒதுங்கி நிக்குது, உள்ள அஞ்சு பிள்ளைங்க இருக்காங்க, வாங்கன்னு. உன் குரல்தான். நான் சத்தியம் பண்ணுவேன். கால் தானா பிரேக்ல போச்சு. நடு ரோட்டுல நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். பிள்ளைங்க நிக்கிற ரோட்டுல நாப்பது டன்னோட எப்படி இறங்கறது? அதோட விட்டுட்டேன். அப்புறம் கூப்பிடவே இல்ல. நேத்து வெள்ளிக்கிழமை எனக்குக் கடைசி ஷிஃப்ட். ஒரு தரம் கூப்பிட்டுப் பாக்கலாம்னு தோணுச்சு. லோடு, பதினொண்ணு, கீழன்னு சொல்லிட்டு ரொம்ப நேரம் நின்னேன். யாரும் ஒண்ணும் சொல்லல. அதான் கேக்கலாம்னு... பஸ் இன்னும் மேல போகுதா, மார்வா?"